நேற்று இல்லாத விண்மீன்

2019-ஆம் ஆண்டு அக்டோபரில் திருவாதிரை மங்கத் தொடங்கியது. ஓரியன் வேட்டைக்காரனின் தோளில் செம்மையாகச் சுடர்விடும் அந்த விண்மீன் வாரத்துக்கு வாரம் ஒளி குன்றிக்கொண்டே வந்தது. 2020 ஜனவரி 10 அன்று கொங்கு நாட்டு வீடுகளில் திருவாதிரைக் களி கிண்டினார்கள். பேரூர் பட்டீசுவரர் கோயிலில் ஆருத்ரா தரிசனத்துக்குக் கூட்டம் கூடியது. அந்த நாளில் வானத்துத் திருவாதிரை பழைய பொலிவில் இல்லை. பிப்ரவரி நடுவில் அதன் ஒளி வழக்கத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது.

இதைக் காணத் தொலைநோக்கி வேண்டியிருக்கவில்லை. கோவை–அவினாசி சாலையில், கருமத்தம்பட்டியின் நெடுஞ்சாலை விளக்குகளுக்கு நடுவே நின்று அண்ணாந்து பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும். வழக்கமாக ரோகிணியைவிடப் பளிச்சென்று இருக்கும் திருவாதிரை அந்தக் குளிர்காலத்தில் ரோகிணிக்குக் கீழே இறங்கிவிட்டது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமும், சென்ற ஆண்டு எப்படி இருந்தது என்ற நினைவும் இருந்தால் போதும்.

திருவாதிரை வெடிக்கப்போகிறதா என்று உலகமெங்கும் கேள்வி எழுந்தது. அது வெடிக்கவில்லை. ஏப்ரலுக்குள் பழைய ஒளிக்குத் திரும்பியது. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி உள்ளிட்ட பல கருவிகளின் பதிவுகளை வைத்து வானியலாளர்கள் காரணத்தைக் கோத்தெடுத்தார்கள். சூரியனைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரிய அந்தச் செம்பெருவிண்மீன் தன் மேற்பரப்பிலிருந்து ஒரு பெரும் வாயுத் திரளை வெளியே வீசியிருக்கிறது. அது குளிர்ந்து தூசியாகி, விண்மீனின் ஒரு பகுதியை நம் பார்வையிலிருந்து மறைத்திருக்கிறது. அந்தத் தூசி கலைந்ததும் ஒளி மீண்டது.

வானம் மாறாதது என்ற எண்ணம் மனிதர்களுக்கு நெடுங்காலமாக உண்டு. கோள்கள் நகரும், நிலவு தேயும், விண்மீன்கள் மட்டும் அப்படியே இருக்கும் என்று நம்பினார்கள். உண்மையில் வானம் ஒவ்வொரு இரவும் மாறுகிறது. ஓரிரு நொடியில் முடிந்துவிடும் காமா கதிர் வெடிப்புகள் உண்டு. சில நாட்களில் எழுந்து அடங்கும் நோவாக்கள் உண்டு. மாதக்கணக்கில் மங்கிக்கொண்டே போகும் சூப்பர்நோவாக்கள் உண்டு. மூச்சு விடுவதைப்போல் விரிந்து சுருங்கி, ஓராண்டுக்கு ஒரு முறை ஒளிர்ந்து மங்கும் விண்மீன்களும் உண்டு. இவற்றைக் கண்டறியும் வானியல் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: மாற்றம் நடக்கும் நேரத்தில் யாராவது அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் வரிசை தமிழ்நாட்டில் நீளமானது.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வானாய்வகத்தைக் கட்டி முடித்தது. அதற்கு முன்பே, 1786-இல், வில்லியம் பெட்ரி என்ற அதிகாரி எழும்பூரில் தன் சொந்தச் செலவில் நடத்திவந்த சிறிய வானாய்வகம்தான் அதற்கு வித்து. கருவியைத் தாங்குவதற்காக நிறுத்திய கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. பிற மொழிகளோடு தமிழிலும் தெலுங்கிலும் அதில் கல்வெட்டுப் பொறித்திருக்கிறார்கள்.

1861-இல் அந்த வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்க நார்மன் ராபர்ட் போக்சன் சென்னைக்கு வந்தார். வானியலில் அவர் பெயர் ஏற்கெனவே நிலைத்திருந்தது. விண்மீன்களின் ஒளியை, மிகப் பளிச்சென்றவை முதல் தரம், அடுத்தவை இரண்டாம் தரம் என்று ஆறு தரமாகப் பிரிக்கும் பழக்கம் கிரேக்கர் காலத்திலிருந்து வந்தது. அதற்குக் கணக்கு வடிவம் தந்தவர் போக்சன். ஐந்து தர வேறுபாடு என்றால் ஒளியில் சரியாக நூறு மடங்கு வேறுபாடு என்று அவர் 1856-இல் முன்வைத்தார். ஒரு தரத்துக்கு ஏறக்குறைய 2.512 மடங்கு. இன்று உலகின் எந்தத் தொலைநோக்கியில் ஒரு விண்மீனின் ஒளியை அளந்தாலும், அது ஜேம்ஸ் வெப்பாக இருந்தாலும், ஒளித்தரக் கணக்கு போக்சனுடையதுதான்.

சென்னை வந்த ஆண்டிலேயே, ஏப்ரல் 17 அன்று, போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாக் கண்டத்திலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள் அதுவே. அதற்கு ஆசியா என்றே பெயர் வைத்தார். சிறுகோளைத் தேடுவதும் மாறும் விண்மீனைத் தேடுவதும் அந்தக் காலத்தில் ஒரே வேலை. வானத்தின் ஒரு பகுதியில் உள்ள விண்மீன்களை வரைபடமாகப் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு வேறொரு இரவில் அதே பகுதியை வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். இடம் மாறியது சிறுகோள், ஒளி மாறியது மாறொளி விண்மீன்.

1863 மே 20 இரவில் விருச்சிக விண்மீன் குழுவில், கேட்டை நட்சத்திரத்துக்கு வடக்கே, முன்பு இல்லாத ஒரு விண்மீன் போக்சனின் கண்ணில் பட்டது. ஒன்பதாம் தரத்தை ஒட்டிய ஒளி. வெறுங்கண்ணுக்கு எட்டாதது, ஆனால் சிறிய தொலைநோக்கிக்கு எளிதானது. அடுத்தடுத்த இரவுகளில் அது மளமளவென்று மங்கி, சில நாட்களில் காணாமல் போனது. அந்த விண்மீனின் பெயர் யூ ஸ்கார்ப்பி. எழுபது ஆண்டுகளுக்கு மேல் உலகில் வேறு யாரும் அதைக் கண்டதாகத் தெரியவில்லை.

போக்சனோடு பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியும் இதே வேலையில் தேர்ந்தவர். வானாய்வகத்தின் முதல் உதவியாளராக இருந்த அவர் 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டறிந்தார். நவீன வானியலில் இந்தியர் ஒருவர் கண்டுபிடித்த முதல் மாறொளி விண்மீன் அது. ஏறக்குறைய 278 நாளுக்கு ஒரு முறை விரிந்து சுருங்கும் முதிய விண்மீன். பொலிவான காலத்தில் இருவிழித் தொலைநோக்கியில் தெரியும், மங்கிய காலத்தில் சிறிய தொலைநோக்கிகளுக்கு எட்டாது. 1872-இல் இலண்டன் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1874-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்து சென்ற நிகழ்ச்சியை மக்களுக்கு விளக்க, இந்திய மொழிகளில் அவர் நூல் வெளியிட்டார். வானத்தின் மாற்றத்தைத் தாய்மொழியில் சொல்ல வேண்டும் என்று ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே எண்ணிய அறிஞர் அவர்.

ஆர் ரெட்டிகுலி தெற்கு வானில் வெகுதூரம் தள்ளியிருக்கிறது. இலண்டனிலிருந்தோ பாரிசிலிருந்தோ பார்த்தால் அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. சென்னையில் அது தெற்கு அடிவானத்துக்கு மேல் சுமார் 14 பாகை உயரம் வரும். கருமத்தம்பட்டியில் சுமார் 16 பாகை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகையில் இருப்பதன் பயன் இது. வடதுருவ விண்மீனும் இங்கே தெரியும், தென்துருவத்துக்கு அருகிலுள்ள ஒரு சிறு வட்டம் தவிர மற்ற தெற்கு வானமும் தெரியும்.

போக்சனுக்கும் கொங்கு நாட்டுக்கும் நேரடித் தொடர்பும் உண்டு. 1871 டிசம்பர் 12 அன்று முழுச் சூரிய கிரகணத்தின் பாதை மலபார்க் கரையிலிருந்து நீலகிரி வழியாகக் கோவை மாவட்டத்தைக் கடந்து யாழ்ப்பாணம், திருகோணமலை நோக்கிச் சென்றது. பிரான்சிலிருந்து வந்த ஜூல்ஸ் ஜான்சன் நீலகிரியில் சோலூர் அருகே கருவிகளை நிறுவினார். பிரிட்டிஷ் வானியலாளர் டென்னன்ட் தொட்டபெட்டாவில் இருந்தார். இங்கிலாந்தின் நார்மன் லாக்கியர் பேக்கல் கோட்டையில் காத்திருந்தார். சென்னை வானாய்வகத்தின் போக்சன் தேர்ந்தெடுத்த இடம் அவினாசி, கருமத்தம்பட்டியிலிருந்து அதே சாலையில் கிழக்கே போனால் வரும் ஊர். நிமிடக் கணக்கில் முடிந்துவிடும் ஒரு காட்சிக்காக உலகின் முன்னணி வானியலாளர்கள் அன்று கொங்குப் பகுதியையும் அதன் மலைகளையும் தேடி வந்தார்கள். சூரியனின் வட்டு மறையும்போது மட்டும் தெரியும் வெளி அடுக்குகளின் நிறமாலையைப் பதிவதே அவர்கள் நோக்கம்.

யூ ஸ்கார்ப்பியின் கதை ஹார்வர்டில் தொடர்ந்தது. அங்கே பல பத்தாண்டுகளாக வானத்தை ஒளிப்படக் கண்ணாடித் தகடுகளில் பதிந்து அடுக்கி வைத்திருந்தார்கள். அந்தத் தகடுகளைத் துருவிய ஹெலன் தாமஸ், 1906-லும் 1936-லும் அதே இடத்தில் அதே விண்மீன் மீண்டும் எழுந்து மங்கியிருப்பதைக் கண்டார். போக்சன் பார்த்தது ஒரே ஒரு முறை நடந்து ஓய்ந்த நிகழ்ச்சி அல்ல என்று அப்போதுதான் புரிந்தது. பின்னர் 1917, 1945, 1969 வெடிப்புகளும் பழைய பதிவுகளிலிருந்து வெளிவந்தன. 1979, 1987, 1999, 2010, 2022 வெடிப்புகளை நிகழும்போதே கண்டார்கள். 2010 ஜனவரியில் வந்த வெடிப்பை அமெரிக்க வானியலாளர் பிராட்லி ஷேஃபர் முன்கூட்டியே எதிர்பார்த்து, உலகெங்கும் உள்ள நோக்கர்களைத் தயாராக வைத்திருந்தார்.

யூ ஸ்கார்ப்பியில் இருப்பவை இரண்டு விண்மீன்கள். ஒன்று வெண்குள்ளன். சூரியனைப்போன்ற ஒரு விண்மீன் எரிபொருள் தீர்ந்தபின் எஞ்சும் கரு அது. பூமியின் அளவுக்கும் குறைவான உருண்டைக்குள் சூரியனைவிடக் கூடுதலான எடை. இன்னொன்று இயல்பான துணை விண்மீன். இரண்டும் ஒன்றையொன்று 1.23 நாளில், அதாவது முப்பது மணி நேரத்துக்குள், சுற்றி வருகின்றன. இவ்வளவு நெருக்கத்தில் வெண்குள்ளனின் ஈர்ப்பு துணையின் ஐதரசனை இழுத்துக்கொள்கிறது. அந்த வாயு வட்டமாகச் சுழன்று வெண்குள்ளனின் மேற்பரப்பில் படிகிறது. படியப் படிய அடியில் அழுத்தமும் வெப்பமும் ஏறுகின்றன. ஓர் எல்லையைத் தாண்டியதும் அந்த ஐதரசன் அடுக்கு முழுவதிலும் அணுக்கரு இணைவு கட்டுக்கடங்காமல் பற்றிக்கொள்கிறது. அடுக்கு சிதறி, நொடிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் வெளியே பாய்கிறது. இதுவே நோவா. வெண்குள்ளன் அப்படியே தப்பிவிடுகிறது, துணையும் தப்பிவிடுகிறது. ஐதரசன் மறுபடி படியத் தொடங்குகிறது.

அமைதியான காலத்தில் யூ ஸ்கார்ப்பி பதினெட்டாம் தரத்தை ஒட்டியது. வெடிப்பின் உச்சியில் ஏழரை. பத்துத் தர வேறுபாடு. போக்சன் வகுத்த கணக்கின்படி ஐந்து தரத்துக்கு நூறு மடங்கு என்றால், பத்துத் தரத்துக்குப் பத்தாயிரம் மடங்கு. தான் கண்ட விண்மீன் எத்தனை மடங்கு ஒளிர்ந்தது என்பதை அளக்கும் கோலையும் அவரே செய்து வைத்திருந்தார். உச்சியை அடைந்த மூன்று நாட்களுக்குள் அது மூன்று தரம் மங்கிவிடுகிறது. நோவாக்களில் மிக வேகமானவற்றுள் இதுவும் ஒன்று.

இந்த வேகத்துக்குக் காரணம் வெண்குள்ளனின் எடை. எடை கூடக் கூட மேற்பரப்பில் ஈர்ப்பு கூடுகிறது. கொஞ்சம் ஐதரசன் படிந்தாலே வெடிக்கும் அழுத்தம் வந்துவிடுகிறது. பெரும்பாலான நோவாக்கள் அடுத்த வெடிப்புக்குப் பல ஆயிரம் ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும்போது யூ ஸ்கார்ப்பி பத்தாண்டை ஒட்டிய இடைவெளியில் திரும்புகிறது. அதன் வெண்குள்ளன் இருக்கக்கூடிய உச்ச எடையை நெருங்கியிருக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. அந்த உச்ச எடையைக் கணக்கிட்டவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு, 1930-இல் பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது அந்தக் கணக்கைத் தொடங்கினார். சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு எடைக்கு மேல் ஒரு வெண்குள்ளன் தன்னைத் தாங்கி நிற்க முடியாது என்பதே சந்திரசேகர் எல்லை. சென்னையில் ஒருவர் கண்டெடுத்த விண்மீன், சென்னையில் படித்த இன்னொருவர் வகுத்த எல்லையின் ஓரத்தில் நிற்கிறது.

ஒவ்வொரு வெடிப்பிலும் வெண்குள்ளன் படிந்த எடை முழுவதையும் வெளியே தள்ளிவிடுகிறதா, கொஞ்சம் தக்கவைத்துக்கொள்கிறதா என்பது வானியலாளர்கள் இன்றும் விவாதிக்கும் கேள்வி. தக்கவைத்துக்கொண்டால் ஒருநாள் அது எல்லையைத் தாண்டும். எல்லையை நெருங்கும் வெண்குள்ளன்களில் சில வகைகள் முழுதாகவே வெடித்துச் சிதறுகின்றன. Ia வகை சூப்பர்நோவா என்று அழைக்கப்படும் அந்த வெடிப்புகளின் ஒளியை வைத்துத்தான் 1998-இல் பிரபஞ்சத்தின் விரிவு முடுக்கமடைகிறது என்று கண்டறிந்தார்கள். அந்தக் கண்டுபிடிப்புக்கு 2011-இல் நோபல் பரிசு கிடைத்தது.

1999 பிப்ரவரியில் யூ ஸ்கார்ப்பி மீண்டும் வெடித்தபோது, அதன் ஒளி தமிழ்நாட்டிலேயே ஒரு தொலைநோக்கியில் விழுந்தது. இடம் சவ்வாது மலையில் காவலூர். இந்திய வான் இயற்பியல் மையத்தின் ஜி.சி. அனுபமாவும் குலாப் தேவாங்கனும் அதன் நிறமாலையை ஆராய்ந்து 2000-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த மையம் சென்னை வானாய்வகத்தின் நேர் வாரிசு. நுங்கம்பாக்கத்துப் பணி பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் கொடைக்கானலுக்கு மாறியது. அங்கிருந்து பெங்களூருவில் தலைமையிடமும் காவலூரில் இரவுவானத் தொலைநோக்கிகளும் வளர்ந்தன. 1863-இல் ஒரு நிறுவனம் முதன்முதலில் பார்த்த விண்மீனை 136 ஆண்டுக்குப் பிறகு அதே நிறுவனம் மீண்டும் பார்த்திருக்கிறது.

காவலூரைத் தேர்ந்தெடுத்தவர் வானியலாளர் வைணு பாப்பு. மலைக்காடு, நகர வெளிச்சம் எட்டாத இருட்டு, நிலநடுக்கோட்டை ஒட்டிய இருப்பிடம் ஆகிய மூன்றும் அவரை ஈர்த்தன. 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு அங்கே பணி தொடங்கியது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் வைணு பாப்புவின் பெயரைப் பெற்றது. அவர் 1982-இல் மறைந்ததால் அதைக் காணக் கொடுத்து வைக்கவில்லை.

அந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி 1977 மார்ச் 10 அன்று நொடிக்கணக்கான மாற்றம் ஒன்றைப் பிடித்தது. அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துக்கொண்டு கடக்க இருந்தது. ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காவலூரில் விண்மீனின் ஒளியை அளந்துகொண்டிருந்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி ஒரு கணம் குறைந்து மீண்டது. இந்தியப் பெருங்கடலின் மேலே பறந்த அமெரிக்க வானூர்தித் தொலைநோக்கியிலும் அதே போன்ற குறைவுகள் பதிவாகின, கோளின் இருபுறமும் ஒத்த தொலைவில். யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது அப்படித்தான் உலகுக்குத் தெரிந்தது.

1987 பிப்ரவரி 24 அன்று பெரிய மெகல்லானிக் மேகத்தில் ஒரு சூப்பர்நோவா தெரிந்தது. கெப்ளர் 1604-இல் கண்டதற்குப் பிறகு வெறுங்கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்த முதல் சூப்பர்நோவா அது. தெற்கு வானின் ஆழத்தில் இருந்ததால் ஐரோப்பாவில் இருந்த பெரிய தொலைநோக்கிகள் எதற்கும் எட்டவில்லை. காவலூரில் அது தெற்கு அடிவானத்துக்கு மேல் ஏழெட்டுப் பாகை உயரத்தில்தான் வந்தது. அந்தத் தாழ்ந்த உயரத்திலும் தொலைநோக்கியைத் திருப்பி அங்கிருந்து நிறமாலைகளைப் பதிந்தார்கள். ரகுநாதாச்சாரிக்குத் தெற்கு வானத்தைத் திறந்துவிட்ட அதே அட்சரேகை 120 ஆண்டுக்குப் பிறகும் கை கொடுத்தது.

கொங்கு நாட்டின் வாசலில் இருக்கும் நீலகிரியும் மாறும் வானத்தைக் கவனிக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத அலைகளில். ஊட்டி முத்தொரையில் கோவிந்த் சுவரூப் தலைமையில் 1970-இல் எழுந்த ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. அது நிற்கும் மலைச்சரிவின் சாய்வு 11 பாகை, அந்த இடத்தின் அட்சரேகையும் 11 பாகை. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைகிறது. ஒரே அச்சில் மெல்லத் திருப்பினாலே ஒரு வான்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பார்க்க முடியும். நிலவு கடந்து போகும்போது தொலைதூர ரேடியோ மூலங்கள் மறைந்து வெளிப்படும் விதத்தை அளந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட அத்தகைய மூலங்களின் வடிவத்தை அங்கே ஆராய்ந்தார்கள். சூரியனிலிருந்து வீசும் மின்துகள் காற்றால் ரேடியோ மூலங்கள் இமைப்பதை வைத்துச் சூரியப் புயல்களின் போக்கையும் அங்கிருந்து கணிக்கிறார்கள்.

அதே ஊட்டியில் காஸ்மிக் கதிர்களை எண்ணும் கிரேப்ஸ்-3 ஆய்வகம் இருக்கிறது. 2015 ஜூன் 22 அன்று சூரியனிலிருந்து பாய்ந்து வந்த பெரும் பிளாஸ்மா மேகம் பூமியின் காந்தப்புலத்தில் மோதியபோது, மியூவான் துகள்களின் எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உயர்ந்து நின்றதை அந்தக் கருவி பதிந்தது. காந்தக் கவசம் சற்று நேரம் தளர்ந்ததன் அடையாளமாக ஆய்வாளர்கள் அதைப் படித்தார்கள்.

இன்று மாற்றங்களைத் தேடும் வேலையின் பெரும்பகுதி தானியங்கித் தொலைநோக்கிகளிடம் போயிருக்கிறது. கலிபோர்னியாவின் பாலோமார் மலையில் 2018 முதல் இயங்கும் ஸ்விக்கி தொலைநோக்கித் திட்டம் ஒரே படத்தில் முழு நிலவைப்போல் இருநூறு மடங்குக்கு மேல் பரப்பைப் பிடிக்கிறது. சிலியில் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்ட வேரா ரூபின் வானாய்வகத்தின் கண்ணாடி 8.4 மீட்டர் விட்டம், கேமரா 3200 மெகாபிக்சல். ஒவ்வொரு இரவும் கோடி அளவுக்கு மாற்றங்களை அது அறிவிக்கக்கூடும் என்று எதிர்பார்க்கிறார்கள். முறை போக்சனுடையதுதான். சோமனூர் விசைத்தறிக் கூடத்தில் துணியை விளக்கு மேசையில் விரித்து, ஒழுங்கான நெசவைக் கண் தாண்டவிட்டுப் பிசகிய இழையில் மட்டும் கை வைக்கும் தொழிலாளியைப்போல், கணினி பழைய படத்தைப் புதிய படத்திலிருந்து கழித்துவிட்டு மிச்சமாக நிற்கும் புள்ளிகளை மட்டும் எடுக்கிறது.

ஆனால் புள்ளி கிடைத்தால் மட்டும் போதாது. அது நோவாவா, சூப்பர்நோவாவா, சிறுகோளா என்று தெரிய உடனே வேறொரு தொலைநோக்கி அதைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். சிலியில் விடிந்துவிட்டால்? அங்கேதான் இந்தியாவின் தீர்க்கரேகை வருகிறது. இரவு ஜப்பானையும் ஆஸ்திரேலியாவையும் தாண்டி மேற்கே நகரும்போது, ஆப்பிரிக்காவும் கேனரித் தீவுகளும் இருட்டாகும் வரை இடையில் விழும் நிலப்பரப்பில் இந்தியா முக்கியமானது. இந்தியாவில் யாரும் பார்க்கவில்லை என்றால் மாறும் பொருளின் ஒளிப்பதிவில் அந்த மணி நேரங்கள் வெற்றிடமாகவே நின்றுவிடும். வேகமாக மங்கும் பொருளுக்கு அந்த வெற்றிடத்தில் பாதிக் கதை போய்விடும்.

அந்த இடைவெளியை நிரப்ப லடாக்கின் ஹான்லேயில், 4500 மீட்டர் உயரத்தில், இந்திய வான் இயற்பியல் மையத்தின் இரண்டு மீட்டர் சந்திரா தொலைநோக்கி நிற்கிறது. பெங்களூரு அருகே ஹொசகோட்டேயில் அமர்ந்தபடி செயற்கைக்கோள் வழியாக அதை இயக்குகிறார்கள். அதன் அருகிலேயே 2018 முதல் 70 சென்டிமீட்டர் தானியங்கித் தொலைநோக்கி ஒன்றும் வேலை செய்கிறது. மும்பை ஐ.ஐ.டி.யும் வான் இயற்பியல் மையமும் இணைந்து நடத்தும் அந்தக் கருவியின் முதல் ஆய்வுப் பொருள் ஆந்திரமீடா மண்டலத்தில் ஒரு நோவா. ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு முறை வெடிக்கும் அது, யூ ஸ்கார்ப்பியின் உறவுதான், இன்னும் அவசரக்காரன்.

இவ்வளவு கருவிகள் வந்தபிறகும் தனி மனிதர்களின் கண்ணுக்கு வேலை தீரவில்லை. வேரா ரூபினைப்போன்ற பெருங்கருவிகளுக்கு மிகப் பளிச்சென்ற விண்மீன்கள் ஒரு தொல்லை. அவற்றின் ஒளி கேமராவை நிறைத்துவிடும். திருவாதிரையை அவற்றால் அளக்க முடியாது. 1911-இல் தொடங்கிய அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கம் உலகெங்குமிருந்து தன்னார்வலர்கள் அனுப்பும் அளவீடுகளைச் சேர்க்கிறது. கோடிக்கணக்கான பதிவுகள் இதுவரை சேர்ந்திருக்கின்றன. 2019–20-இல் திருவாதிரையின் மங்கலை நாள்வாரியாகப் பின்தொடர அந்தப் பதிவுகள் உதவின.

முறை எளிது. மாறும் விண்மீனுக்கு அருகில் மாறாத இரண்டு விண்மீன்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும், ஒன்று அதைவிடச் சற்றுப் பளிச்சென்றது, மற்றொன்று சற்று மங்கலானது. இடையில் இது எங்கே நிற்கிறது என்று கண்ணால் மதிப்பிட்டு, நாளையும் நேரத்தையும் எழுதிவைக்க வேண்டும். தொடங்குவதற்கு அல்கோல் நல்ல பொருள். 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒரு முறை அதன் மங்கலான துணை முன்னால் வந்து மறைக்க, இரண்டாம் தர விண்மீன் சில மணி நேரத்தில் மூன்றரையை நெருங்கி மீள்கிறது. ஒரே இரவில் கண்ணெதிரே மாறும் விண்மீன் அது. பொறுமை உள்ளவர்களுக்கு மீரா இருக்கிறது. சுமார் 332 நாள் சுழற்சியில் வெறுங்கண்ணுக்குத் தோன்றி, மறைந்து, திரும்பத் தோன்றும்.

கருமத்தம்பட்டியில் இதற்கு இடையூறு வெளிச்சம்தான். மேற்கே கோவை, கிழக்கே திருப்பூர், நடுவில் நெடுஞ்சாலை. மூன்றின் விளக்குகளும் வானத்தில் பரவி, பால்வெளியை விழுங்கிவிட்டன. மேல்நோக்கி வீணாகும் ஒளியைக் கீழ்நோக்கித் திருப்பும் மூடிகளைத் தெருவிளக்குகளுக்குப் பொருத்தினால் மின்சாரமும் மிச்சம், வானமும் கொஞ்சம் திரும்பும். ஹான்லேயைச் சுற்றி 2022-இல் அறிவிக்கப்பட்ட இருள்வானக் காப்பகத்தில் ஊர்மக்களே இதைச் செய்கிறார்கள். கொங்கு நாட்டின் ஊராட்சிகளும் நகராட்சிகளும் இதைச் செய்யத் தடையேதும் இல்லை. அதுவரை, நகர ஒளியையும் ஊடுருவித் தெரியும் இரண்டாம், மூன்றாம் தர விண்மீன்களை இங்கிருந்தே கண்காணிக்கலாம்.

அப்படிக் கண்காணிக்க வேண்டிய ஒன்று டி கொரோனே பொரியாலிஸ். யூ ஸ்கார்ப்பியைப்போலவே மீண்டும் மீண்டும் வெடிக்கும் நோவா, ஆனால் நமக்கு மிக அருகில், சுமார் 3000 ஒளியாண்டில். 1866 மே மாதத்திலும் 1946 பிப்ரவரியிலும் வெடித்து, வெறுங்கண்ணுக்கே பளிச்சென்று தெரிந்தது. அந்த எண்பதாண்டு இடைவெளியையும் அண்மைக் காலத்தில் அதன் ஒளியில் கண்ட மாற்றங்களையும் வைத்து, அடுத்த வெடிப்பு நெருங்கிவிட்டது என்று 2024 முதல் வானியலாளர்கள் காத்திருக்கத் தொடங்கினார்கள். வைகாசி, ஆனி மாத முன்னிரவில் தலைக்கு மேலே மஞ்சள் ஒளி வீசும் சுவாதியைக் கண்டுகொண்டு, அங்கிருந்து வடகிழக்கே பார்வையை நகர்த்தினால், சிறு விண்மீன்கள் அரைவட்டமாக நிற்கும் வடமகுடம் தெரியும். அந்த அரைவட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் இரண்டாம் தர விண்மீன். அதற்கு இணையாக இன்னொன்று அரைவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் தெரிந்தால், அதுதான் நோவா. சுமார் ஒரு வாரம் மட்டுமே வெறுங்கண்ணுக்குத் தெரியும். உச்சியை அடைவதோ சில மணி நேரத்தில். அந்த மணி நேரம் இந்தியாவின் இரவில் விழுந்தால், முதல் பதிவை இங்கிருப்பவர்கள்தான் எழுத முடியும்.